டிரைவர் கேட்டது

— அங்கியைத் தேய்க்காதே. வேண்டாம்.

— ஏன், நாளைக்கு ஞாயித்துக்கிழமை, கசங்கினதைப் போட்டுக்கிட்டு பிரசங்கம் பண்ணப் போறீங்களா? ஒரு கை முடிச்சாச்சு.

— நாளைக்கு நான் பிரசங்கமே பண்ணப் போறதில்ல. இஸ்திரிப் பெட்டியை அணை.

— காலையில ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும்போது நல்லாத்தானே போனீங்க... டிரைவர் போயிட்டாரா?

— இல்ல. இருக்காரு. சாயங்காலம் தாண்டாதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு.

— பாவம். முப்பது வருஷம் பஸ் ஓட்டின மனுஷன். நம்ம சபையில கடைசி வரிசையை விட்டு முன்னால வந்ததே இல்ல. நீங்க பிரசங்கத்தை இழுத்தீங்கன்னா முதல்ல மணி பாக்கறது அவர்தான்.

— அவருக்கு ஜெபம் பண்ணினேன்.

— அதுக்குத்தானே போனீங்க.

— ஜெப நோட்டைப் பாத்து.

— என்னிக்கு நோட்டு இல்லாம பண்ணியிருக்கீங்க? துவைக்கப் போடும்போதெல்லாம் சட்டைப் பையில...

— குறுக்க பேசாம கேளேன். போன வாரம் படியில விழுந்தாங்களே டீச்சரம்மா, அவங்களுக்கு எழுதின ஜெபம். அந்தப் பக்கத்தைத் திறந்து வாசிச்சிட்டேன். இந்தக் கால் எலும்பு கூடி வரட்டும், எழுந்து நடக்கட்டும்னு...

— டிரைவருக்கு நுரையீரல்லதானே வியாதி?

— ஆமென் சொன்னப்புறம்தான் எனக்கே உறைச்சுது.

— ஐயோ கடவுளே... சிரிப்பு வருது, தப்பா நினைக்காதீங்க. அவர் என்ன சொன்னாரு?

— கோவப்படல. மூச்சை இழுத்து இழுத்து, "என் கால் நல்லாத்தான் இருக்கு ஐயா, பரவால்ல, அது போக வேண்டியவங்களுக்குப் போய்ச் சேந்திருக்கும்"னாரு.

— தங்கமான மனுஷன். சரி, கை தவறினாப்ல வாய் தவறிடுச்சு. அதுக்குப் போய் பிரசங்கமே வேண்டாம்னு...

— அதோட முடியல. என் கையைப் பிடிச்சுக்கிட்டாரு. "ஐயா, புது டிப்போவுக்கு மாத்தினா, அங்க வேலை பாத்தவங்ககிட்ட முதல்ல ஒண்ணு விசாரிப்பேன். அங்க மேலாளர் ஆள் எப்படின்னு. இன்னிக்கு நான் போகப் போற எடத்துல இருக்கறவரை உங்களுக்கு இருபத்தெட்டு வருஷமாத் தெரியும். ஆள் எப்படி ஐயா?"ன்னாரு.

— ...என்ன சொன்னீங்க?

— அன்பானவர், இரக்கமுள்ளவர், எல்லாம் அறிஞ்சவர்னேன்.

— நல்ல பதில்தானே.

— "அது சபைச் சுவத்துல எழுதியிருக்கு ஐயா, கடைசி வரிசையில இருந்து வாராவாரம் வாசிக்கறேன். உங்ககிட்ட எப்படி இருந்தாரு, அதைச் சொல்லுங்க"ன்னாரு.

— ம். அதுக்கு என்ன சொன்னீங்க?

— டாக்டர் கூப்பிடறாருன்னு சொல்லிட்டு வெளிய வந்துட்டேன்.

— கூப்பிட்டாரா?

— இல்ல.

— ...உக்காருங்க முதல்ல. தண்ணி குடிங்க.

— சாகப் போற மனுஷன்கிட்ட பொய் சொல்லிட்டு, பின்வாசல் வழியா ஓடி வந்திருக்கேன். ஒரு போதகன்.

— குடிங்கன்னா.

— ஒண்ணு சொல்றேன், தப்பா எடுத்துக்காதே. கடவுள் உண்டுங்கறதுல எனக்கு ஒரு நாளும் சந்தேகம் வந்ததில்ல. இயேசு எனக்காகச் செத்தாரு, எழுந்தாரு. கழுத்துல கத்தி வெச்சாலும் அதை மாத்திச் சொல்ல மாட்டேன்.

— அது தெரியும்.

— ஆனா டிரைவர் கேட்டது அதில்லையே. கடவுளைப் பத்தி எனக்கு நிறைய தெரியும். பக்கம் பக்கமா எழுதத் தெரியும். அவரைத் தெரியாது. அவர் முன்னால நோட்டை மூடி வெச்சிட்டு ஒரு நிமிஷம்கூட நான் சும்மா இருந்ததில்ல.

— ஒரு தடவைகூடவா?

— இல்ல.

— பாப்பாவை அடக்கம் பண்ணின அன்னிக்கு?

— அதை ஏன் இப்ப...

— கேட்டதுக்குச் சொல்லுங்க. பெத்த பொண்ணு குழிக்குள்ள இருந்தா. நீங்கதான் ஜெபம் பண்ணீங்க, குரல்கூட நடுங்கல. என்ன விசுவாசம்னு எல்லாரும் பேசிக்கிட்டாங்க. அதுவும் நோட்டா?

— ...முந்தின நாள் எழுதினது. தலையைத் தூக்கினா விழுந்துடுவேன்னு, எழுத்தையே பாத்துக்கிட்டு வாசிச்சேன். என்ன வாசிச்சேன்னு இப்பக்கூட ஞாபகம் இல்ல.

— இதைப் பதினோரு வருஷமா எங்கிட்ட சொல்லவே இல்ல நீங்க.

— எப்படிச் சொல்றது? நீயும் அதை விசுவாசம்னுதான் நினைச்சுக்கிட்டிருந்தே.

— நான் என்ன நினைச்சேன்னு உங்களுக்குத் தெரியாது.

— அது எப்படியோ போகட்டும். நேரம் இல்ல. நீ போ.

— எங்க?

— ஆஸ்பத்திரிக்கு. டிரைவர் வாசலையே பாத்துக்கிட்டு இருப்பாரு. அவர் கேட்டதுக்கு உன்னால பதில் சொல்ல முடியும்.

— என்னாலயா? நல்லா இருக்கு. அங்கி உங்களுது, கேள்வி உங்களைக் கேட்டது, பதில் மட்டும் நானா?

— கிண்டல் பண்ணாதே. உனக்குக் கடவுளைத் தெரியும். கல்யாணமான புதுசுல சமையலறையில பேச்சுக் குரல் கேக்கும். யாரோ வந்திருக்காங்கன்னு எட்டிப் பாப்பேன். நீ மட்டும் பாத்திரம் கழுவிக்கிட்டு, அவர்கிட்ட பேசிக்கிட்டிருப்பே. தண்ணி வரலைன்னு புகார்கூடச் சொல்லுவே. எனக்குப் பொறாமையா இருக்கும்.

— அந்தக் குரலைக் கடைசியா எப்பக் கேட்டீங்க?

— எப்பவும்தான்... போன... இரு, யோசிச்சுச் சொல்றேன்.

— யோசிங்க. வெள்ளிக்கிழமை பெண்கள் கூட்டத்துல ஆளுக்கு ஒரு வாரம் ஜெபம்னு வரிசை போட்டது யாரு?

— நீதான். எல்லாருக்கும் பழக்கம் வரட்டும்னு.

— என் வாரம் எப்ப வந்துச்சு?

— ...வந்ததில்லையா?

— வரிசையில என் பேரே கிடையாது. இத்தனை வருஷத்துல ஒருத்தரும் கவனிக்கல. நீங்களும்தான்.

— ஏன்மா?

— பாப்பா காய்ச்சல்ல கிடந்த மூணு நாளும் ஆஸ்பத்திரி நடையில தரையில உக்காந்துக்கிட்டு அவர்கிட்ட கேட்டேன். கெஞ்சல. உரிமையாக் கேட்டேன். நீங்க என்னை அறிஞ்சவரு, நான் இல்லாததைக் கேக்கல, அவளை மட்டும் விட்டுட்டுப் போங்கன்னேன். விடல. வீட்டுக்கு வந்து அவ துணியெல்லாம் மடிச்சு வெச்சேன். வெச்சிட்டு, இனிமே உங்களோட எனக்குப் பேச்சு இல்லைன்னு அவர்கிட்ட சொல்லிட்டேன். அதுதான் கடைசி.

— பதினோரு வருஷமா?

— கோயிலுக்கு வந்தேன், பாடினேன், உங்க அங்கியைத் தேய்ச்சேன். பேசல.

— எங்கிட்ட ஒரு வார்த்தை...

— உங்க விசுவாசத்தைக் கெடுத்துடுவேனோன்னு பயம். உங்களுக்கு நோட்டு, எனக்கு மௌனம். ஒரே வீட்டுக்குள்ள நல்லாக் குடும்பம் நடத்தியிருக்கோம்.

— அப்ப ரெண்டு பேரும் ஒண்ணுதான். எனக்கும் அவரைத் தெரியல, உனக்கும் தெரியல. அந்த மனுஷன் அங்க மூச்சைப் பிடிச்சுக்கிட்டு... யாரைத்தான் அனுப்பறது?

— எனக்குத் தெரியாதுன்னு நான் எப்பச் சொன்னேன்?

— இப்பத்தானே சொன்னே, பேசவே இல்லைன்னு.

— தெரியாத ஆள்கிட்ட யாராவது இத்தனை வருஷம் கோவிச்சுக்கிட்டு இருப்பாங்களா? என் செருப்பை எடுத்துப் போடுங்க. நீங்களும் வாங்க, நோட்டு வேண்டாம்.

— போய் என்னன்னு சொல்லுவே அவர்கிட்ட?

— ஆள் எப்படின்னுதானே கேட்டாரு? நான் பதினோரு வருஷமா மூஞ்சியைத் திருப்பிக்கிட்டு இருக்கேன் அண்ணே, தினமும் விடிஞ்சா அந்தச் சமையலறையில எனக்கு முன்னாடி வந்து உக்காந்திருக்காரு, இன்னிக்குக் காலையிலயும் இருந்தாருன்னு சொல்லுவேன்.