அபிநயா கேட்ட விண்ணப்பம்

பெத்தவங்க நிறைய பேர் வந்திருக்கீங்க... உங்களுக்காகவே ஒரு குட்டிக் கதை வச்சிருக்கேன். கேளுங்க.

ஒரு காலேஜு. பி.எஸ்சி. கணிதம், ரெண்டாம் வருஷம். அதுல அபிநயான்னு ஒரு பொண்ணு. அப்பா கணக்கு வாத்தியார், அக்கா அதே பாடத்துல பிஎச்.டி. பண்றா. வகுப்புல எப்பவும் இவதான் முதல். ஆனா அந்த செமஸ்டர்ல ரெண்டாவது ஆயிட்டா. முதல்ல வந்தது யாரு? இசக்கியம்மாள். செங்கல் சூளையில வேலை பாக்குறவங்க மக. அந்தக் குடும்பத்துலயே காலேஜ் வாசலை மிதிச்ச முதல் ஆளு.

அபிநயாவுக்குச் சோறு இறங்கல. அவளுக்கென்ன, முதல் தலைமுறைக்குன்னு உதவி மையம் இருக்கு, சனிக்கிழமை தனி வகுப்பு இருக்கு, சந்தேகம் கேக்க ஒரு சீனியர் இருக்காங்க, எனக்கும் இதெல்லாம் இருந்தா முதல்ல வரமாட்டேனான்னு ஹாஸ்டல் முழுக்கச் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சா.

பொறாமை சும்மா இருக்க விடுமாய்யா? நேரா அந்த மையத்துக்கே இழுத்துட்டுப் போயிடுச்சு. நானும் சேரணும், விண்ணப்பப் பாரம் குடுங்கன்னு கேட்டா. மேஜைக்கு அந்தப் பக்கம் உக்காந்திருந்தது... இசக்கியம்மாளேதான். அங்க படிக்கிற பிள்ளைங்களே முறை வச்சு மேஜையைப் பாத்துக்குவாங்க, அன்னிக்கு அவ முறை.

அவ முகம் சுளிக்கல. பேனாவை எடுத்து, பாரத்துல இருந்த கேள்வியை ஒவ்வொண்ணாக் கேட்டா.

"காலேஜ் அப்ளிகேஷன் யாரு பூர்த்தி பண்ணாங்க?"

"அப்பா."

"பாடத்துல சந்தேகம்னா யாரைக் கேப்ப?"

"அக்காவை... இல்லன்னா அப்பாவை."

சொல்லும்போதே அபிநயாவுக்குக் குரல் இறங்கிடுச்சு. "இதுக்கெல்லாம் நீ என்ன எழுதின?"ன்னு கேட்டா.

இசக்கியம்மாள் சொன்னா: "எங்க ஊரு பிரவுசிங் சென்டர்காரர்தான் பூர்த்தி பண்ணாரு. கணக்கு வேணும்னு சொன்னேன். அவரு வரவு செலவுக் கணக்குன்னு நினைச்சு காமர்ஸ்னு போட்டுட்டாரு. அது தப்புன்னு சொல்ல வீட்டுல யாருக்கும் தெரியல. ஒரு வருஷம் வீணாப் போயி, மறு வருஷந்தான் இங்க கணிதத்துல சேந்தேன். ரெண்டாவது கேள்விக்கு... யாரும் இல்லைன்னு எழுதினேன்."

அதோட நிக்கல அவ. "நீ மாடிப்படியில உக்காந்து உங்கப்பாகிட்ட போன்ல கணக்குக் கேப்பல்ல? அதைக் கேட்டுக் கேட்டு எனக்கு வயிறு எரிஞ்சிருக்கு அபி. எங்கப்பா போன் பண்ணா, சாப்டியான்னு மட்டுந்தான் கேப்பாரு. அதுக்கு மேல கேக்க அவருக்குத் தெரியாது."

அபிநயா பாரத்தைத் திருப்பி வாங்கிக்கிட்டா. பொறாமை அன்னிக்கே போயிடுச்சான்னு கேட்டீங்கன்னா... இல்ல. அடுத்த செமஸ்டர்லயும் இசக்கியம்மாள்தான் முதல், இவளுக்குச் சுருக்குன்னுதான் இருந்துச்சு. ஆனா 'அவளுக்கென்ன'ங்கிற வார்த்தை மட்டும் அதுக்கப்புறம் இவ வாயில வரவே இல்ல.

ஏன் சொல்றேன்? இங்கயும் சில பேர் கேக்குறீங்க, அவங்களுக்கு மட்டும் எதுக்குத் தனியா ஒரு மையம்னு. படிச்சவங்க நம்ம, நம்ம பிள்ளைக்கு அந்த மையம் வீட்டுக்குள்ளயே இருந்துச்சுங்க... பிறந்த நாள்லேர்ந்து இருந்துச்சு. போர்டு மாட்டல, அவ்வளவுதான்.