இறங்கி வரும் இருக்கை

— மெதுவாம்மா. வலது காலை மொதல்ல உள்ள வையி.

— வைக்கத்தானே பாக்குறேன். முட்டி மடங்க மாட்டேங்குது தம்பி. எவ்வளவு ஒசரம் இது! நெல்லறுக்குற மெஷின்ல ஏறுற மாதிரி இருக்கு.

— நான் புடிச்சுக்கிறேன்.

— இரு, இரு. ஏன் செழியா, அந்த பட்டனை அமுக்கேன். சீட்டு வெளிய திரும்பி கீழ எறங்குமே.

— அது இதுல இல்லம்மா.

— இல்லையா? இதானே நீ வரைஞ்ச காரு?

— இதான்.

— டெல்லி கண்காட்சியில நிக்கிற போட்டோவை அனுப்புனியே, அதுல இருந்துச்சே. கதவைத் தொறந்தா சீட்டு வாசப்பக்கமா திரும்பி, என் முட்டிக்கு நேரா எறங்கி நிக்கும்னு சொன்னே. என்னைக் கட்டில்ல உக்கார வச்சு, தரையிலேருந்து டேப்பு வச்சு அளந்துக்கிட்டுப் போனே.

— அது கான்செப்ட் காரும்மா. ஒரே ஒரு வண்டிதான் பண்ணுவாங்க. இப்படி ஒண்ணு பண்ணலாம்னு ஜனங்களுக்குக் காட்டுறதுக்கு.

— காட்டிட்டு?

— காட்டிட்டு மூடி வச்சிருவாங்க. உண்மையச் சொன்னா, அது சரியா ஓடக்கூட ஓடாது. மேடைக்கே நாங்க ஆறு பேரு பின்னாடி நின்னு தள்ளிக்கிட்டுத்தான் போனோம்.

— திருவாரூர்த் தேரையும்தான் ஆளுங்க இழுத்துக்கிட்டுப் போறாங்க. அதுல சாமியாவது இருக்கும்.

— அந்தக் காலத்துலேருந்தே இப்படித்தாம்மா. நான் படிக்கும்போது பாத்த பழைய கான்செப்ட் காருங்கள்ல கதவு றெக்கை மாதிரி மேல தொறக்கும், கூரை முழுக்கக் கண்ணாடியா இருக்கும். ரோட்டுக்கு வரும்போது எல்லாம் சாதா டப்பாவா ஆயிரும். இப்பவும் அதேதான். முன்னாடி லைட்டு மட்டும் நான் போட்டது அப்படியே இருக்கு.

— லைட்டுலயா நான் உக்காரப் போறேன்?

— அம்மா...

— சீர்காழியில எங்கண்ணன் படுத்த படுக்கையாக் கெடக்குது. ரெண்டு வருஷமா, 'எம்மவன் காரு வந்துரட்டும்ண்ணே, வர்றேன்'னு போனுல சொல்லிக்கிட்டே இருக்கேன். அப்ப முட்டி இவ்வளவு மோசமில்ல. கீழ்வேளூர்ல பஸ்ஸு ஏறியிருந்தா போயிருப்பேன். அம்சம் மவன் வரைஞ்ச காருன்னு நாலு பேரு சொல்ல, இதுலதான் போயி எறங்கணும்னு இருந்துட்டேன். என் புத்தியை என்ன சொல்றது!

— நான் தூக்கி உக்கார வைக்கிறேன்மா.

— வேணாம். தெருவே பாக்குது. நடவுக்குப் போன காலத்துலகூட ஒருத்தர் கையைப் புடிச்சு நான் வரப்பேறுனதில்ல. அண்ணன் வாசல்ல பொணத்தை எறக்குற மாதிரி என்னை எறக்குவியா?

— அப்படிப் பேசாதம்மா.

— நீ மட்டும் போயி பாத்துட்டு வா. முட்டியைப் பத்தி எதுவும் சொல்லிராத, அழுவும். நாத்து விட்டிருக்கு, அம்மா வேலையா இருக்குன்னு சொல்லு.

— மாமா நம்பமாட்டாரும்மா.

— நம்பாட்டியும் சொல்லு. ஏன் தம்பி, அந்த சீட்டை ஏன் எடுத்தாங்க?

— இது பேட்டரி வண்டிம்மா. அந்த சீட்டுக்குத் தனியா ஒரு மோட்டார் வேணும். வெயிட் கூடும். கூடுனா ஒரு சார்ஜுல இருபது கிலோமீட்டர் கம்மியா ஓடும். மீட்டிங்ல பேசி எடுத்தாச்சு.

— போன வருஷம் டிசைனுக்கே உன்னைத் தலைவனாக்கிட்டாங்கன்னு தெரு முழுக்க முட்டாய் குடுத்தேனே. உன் பேச்சையே கேக்கலியா?

— மொத ரெண்டு மீட்டிங்ல வேணும்னுதான் சொன்னேன்.

— அப்புறம் எவனோ ஒருத்தன் வேணாம்னுட்டான். இருபது கிலோமீட்டருக்காக! அவனைப் பெத்தவளும் என்னை மாதிரி வாசல்ல நின்னு, காலைத் தூக்க முடியாம, கூடப்பொறந்தவன் மொகத்தைப் பாக்க முடியாம தவிக்கணும். அப்பதான் அவனுக்கு உறைக்கும்.

— உறைச்சிருச்சும்மா. மூணாவது மீட்டிங்ல, சீட்டை எடுத்துருங்கன்னு கையெழுத்துப் போட்டவன் நான்தான்.