கடைசிப் பிரிவில் நின்றவன்

மனித குலம் குறித்து வைத்துக்கொள்ள வேண்டிய ஒரு முடிவு, டயர் கடை மாடியில், கால் ஆடும் பிளாஸ்டிக் நாற்காலிகளில் உட்கார்ந்தபடி எடுக்கப்பட்டது. ‘இரும்புக் கழுகுகள்’ முதன்முறையாக ஒரு மோட்டார் சைக்கிள் பேரணிக்குப் போகப் போகிறார்கள். கழுகுகள் என்றால் நாங்கள்தான், ஐயா. தலைவர் பல் டாக்டர். தன்னைத் தளபதி என்று கூப்பிடச் சொல்வார். நாளைக்குப் பல்வலி வந்தால் அவரிடம்தானே போக வேண்டும் என்று நாங்களும் கூப்பிட்டோம். மற்றவர்களில் பாதிப் பேருக்கு முதுகுவலி, மீதிப் பேருக்குச் சர்க்கரை. தோல் சட்டை மட்டும் எல்லோரிடமும் இருந்தது.

தங்கும் இடம், போகும் வழி எல்லாம் என் பொறுப்பு. என் பிழைப்பே அடுத்தவர்களுக்கு அறையும் டிக்கெட்டும் போட்டுக் கொடுப்பதுதான். அதோடு, வாலிபத்தில் நான் மலை மலையாக வண்டி ஓட்டியவன் என்று கழுகுகள் நம்பினார்கள். ஏன் நம்பினார்கள் என்றால், நான் சொன்னேன்.

உண்மையில் எனக்கு வண்டி என்றாலே பயம். நேர்ச்சாலையில் பல்லைக் கடித்துக்கொண்டு சமாளித்துவிடுவேன். வளைவு வந்தால் கை வேர்த்து ஹேண்டில் வழுக்கும். பேரணி நடக்கும் இடமோ மலை உச்சி. வரைபடத்தில் அந்தச் சாலையைப் பார்த்தேன். வெளியே எடுத்துப் போட்ட குடல் மாதிரி சுருண்டு கிடந்தது. ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் ஒன்றுமில்லை. அந்த ‘ஒன்றுமில்லை’யை நினைத்தபடி அலுவலகத்தில் தேனிலவுத் தம்பதிகளுக்கு அறை போட்டுக்கொண்டிருந்தேன். கீபோர்டு நனைந்தது.

ஆகவே அடிவாரத்தில் ஒரு லாட்ஜைப் பிடித்தேன். வெந்நீர், வண்டி நிறுத்த இடம், முதுகுவலிக்காரர்களுக்கு லிஃப்ட் என்று அடுக்கினேன். காலையில் வயிற்றுப்போக்கு என்று படுத்துவிடலாம் என்பதை மட்டும் சொல்லவில்லை. தளபதி தலையாட்டவே தொடங்கிவிட்டார். அப்போதுதான் என் மச்சினன் வாயைத் திறந்தான்.

அவன் என் மனைவியின் தம்பி. அவளுக்குக் கூடப்பிறந்தது அவன் ஒருவன்தான். கழுகுகளில் நிஜமாகவே வண்டி ஓட்டத் தெரிந்தவனும் அவன் ஒருவன்தான். என் சங்கதியும் அவனுக்குத் தெரியும். எங்கள் குடியிருப்பின் வாகன நிறுத்தத்தில் நான் ஒருமுறை விழுந்தபோது வண்டியைத் தூக்கி நிறுத்தியவன் அவன். “நின்ன வண்டியிலேருந்து விழுந்த ஒரே ஆள் நீங்கதான் மாமா,” என்று சிரித்துச் சிரித்து அவனுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அக்காவிடம் சொல்லவில்லை. ஆனால் பார்க்கும்போதெல்லாம் சிரிப்பான். சொல்லியிருந்தால் ஒரு நாளோடு போயிருக்கும்.

“அடிவாரத்துல படுத்துட்டுப் பேரணிக்குப் போனோம்னு எப்படிச் சொல்றது? உச்சியிலேயே ரூம் போடுங்க மாமா,” என்றான் அன்று. என்னைப் பார்த்து, குரலைத் தாழ்த்தி, “நீங்க மலை ஏறுறதப் பின்னாலேருந்து பாக்கணும்,” என்றான்.

உச்சியில் அறை போட்டேன். எனக்கும் அவனுக்கும் ஒரே அறை. குடும்பம் என்று இருக்கிறதல்லவா.

உச்சி லாட்ஜ்காரர் நல்ல மனிதர். போனிலேயே வழி சொன்னார். மலை தொடங்கும் இடத்தில் சாலை இரண்டாகப் பிரியும். இடது பக்கம் புதுச் சாலை. “வலது பக்கம் மட்டும் போயிடாதீங்க சார். மழையில பாலம் போயிடுச்சு. தடுப்பு, போர்டு ஒண்ணும் கிடையாது. எல்லார்கிட்டயும் சொல்லி வைங்க.” சொல்லி வைக்கிறேன் என்றேன். பிறகு யோசித்தேன், வயதானவர்களை எதற்கு வீணாகப் பயமுறுத்துவது என்று. தளபதிக்கு மட்டும் இடது பக்கம் என்றேன். பாலத்தைப் பற்றி யாரிடமும் சொல்லவில்லை.

குழுவாக வண்டி ஓட்டுவதில் எங்களுக்கு ஒரு முறை உண்டு. சாலை பிரியும் இடத்தில் தளபதிக்கு அடுத்து வருகிறவர் ஓரங்கட்டி நின்று மற்றவர்களுக்கு வழி காட்ட வேண்டும். கடைசி ஆள் தாண்டும்வரை அவர் நகரக் கூடாது. தாண்டிய கடைசி ஆள் கொஞ்ச தூரத்தில் வேகத்தைக் குறைத்து, அவரை முன்னே விட்டு, தான் பின்னால் வருவார். கைகாட்டுகிறவரை யாரும் கேள்வி கேட்கக் கூடாது. நன்றாக ஓட்டுகிறவன்தான் கடைசி ஆள், அதாவது மச்சினன். எந்தப் பிரிவில் யார் நிற்பது என்பதை வரிசை போடுகிறவர் தீர்மானிக்கலாம். வரிசை போட்டது நான்.

மலையடிப் பிரிவில் என்னையே நிறுத்திக்கொண்டேன். நீங்கள் நினைக்கிற காரணத்துக்காக இல்லை. கொஞ்ச நேரம் நிற்கலாமே என்றுதான்.

அன்று மூடுபனி. கழுகுகள் ஒவ்வொருவராக வந்தார்கள். இடது கையைக் காட்டினேன். தளபதி போன திசையில் எல்லோரும் மறைந்தார்கள். நான் தனியாக நின்றேன். எனக்கு ஒன்று மட்டும் தெளிவாகத் தெரிந்தது: இனி உச்சிவரை என் முதுகுக்குப் பின்னால் அவன் வருவான். நான் ஒவ்வொரு வளைவிலும் காலை ஊன்றி நொண்டுவதைப் பார்ப்பான். பள்ளத்தைக்கூட ஒருவேளை தாங்கியிருப்பேன். அந்தச் சிரிப்பை முதுகில் வாங்கிக்கொண்டு ஏற முடியாது.

பனிக்குள் அவன் விளக்கு தெரிந்தது. வலது கையை நீட்டினேன்.

அவன் தலையசைத்துவிட்டுத் திரும்பினான். முறை தெரிந்தவன், கேள்வி கேட்கவில்லை. கொஞ்ச நேரம் என்ஜின் சத்தம் கேட்டது. அப்புறம் கேட்கவில்லை. நான் அவனைத் தள்ளவில்லை ஐயா. கைதான் காட்டினேன்.

இடது சாலையில் வண்டியைத் தள்ளிக்கொண்டே போனேன். முதல் வளைவுக்கு முன்னால் ஒரு சிறிய சரக்கு வேன் நின்றிருந்தது. ஓட்டுநர் இறங்கி வந்தார். “மாமா நீங்கதானே? உங்க மச்சான் நேத்தே போன்ல பேசி, மலையில முதல் வளைவுக்கு முன்னால நிக்கச் சொன்னாரு. வண்டிய ஏத்திட்டுப் போயி, உச்சிக்குக் கொஞ்சம் கீழ இறக்கி விடணுமாம். ‘எங்க மாமாவுக்கு வளைவுன்னா ஆகாது. யாருக்கும் தெரியாம கொண்டுபோயிடுங்க, மனுஷன் மானம் போயிடக் கூடாது’ன்னாரு. அவரு பின்னாலேயே வந்து இறக்க ஒரு கை குடுக்குறேன்னாரே, எங்க காணோம்?”

வருவான் என்றேன்.

அவர் திரும்பிப் போய்த் தேடலாமா என்று கேட்டார். அப்போது போயிருந்தால் உயிர் இருந்திருக்கலாம் என்று நீங்கள் சொல்கிறீர்கள். இருக்கலாம். ஆனால் தளபதி சரியான நேரத்துக்கு வரச் சொல்லியிருந்தார். ஏற்பாட்டாளனே தாமதமாகப் போனால் நன்றாக இருக்காது. வேனில் ஏறினேன். உச்சிக்குக் கொஞ்சம் கீழே இறக்கிவிட்டார். அங்கிருந்து சாலை நேராக இருந்தது. கழுகுகள் வரிசையாக நின்று கைதட்டினார்கள். தளபதி என்னைக் கட்டிப்பிடித்து, இப்படி ஒரு மலை வீரனைத் தன் வாழ்நாளில் கண்டதில்லை என்றார். மச்சினனை எங்கே காணோம் என்று முதலில் கேட்டவன் நான்தான்.

அந்த மலை வீரன் வேனில் வழி முழுக்கக் கண்ணை மூடிக்கொண்டுதான் வந்தான்.