சிதல் என்றுதான் சொன்னேன்

வீட்டுக்கு வந்தவர்களைச் சாயா கொடுக்காமல் நான் அனுப்பியதில்லை, இன்ஸ்பெக்டர் சார். சங்கிலிப்பாண்டிக்கும் கொடுத்தேன், இஞ்சி தட்டிப் போட்டு.

மட்டாஞ்சேரியில் அந்த வாடகை வீட்டுக்குத்தான் நான் கல்யாணமாகி வந்தேன். வாடகை ஒரு மாதம் தவறியதில்லை. வீட்டுக்காரர் இஸ்மாயில் வீட்டை ஈடு வைத்து வாங்கிய கடனைக் கட்டவில்லை. பாங்க் ஜப்தி செய்து ஏலத்துக்கு விட்டது. யாரோ பட்ட கடன் என் தலையில் விடிந்தது. எரிச்சலாக இருக்காதா? இருந்த நகையை விற்று நானே ஏலத்தில் எடுக்கத் துணிந்தேன். போட்டிக்கு வந்தது ஒரே ஆள், இந்தச் சங்கிலிப்பாண்டி, வெங்காய மொத்த வியாபாரி. தென்காசிப் பக்கம் ஊர். இங்கே வந்து கொஞ்ச நாள்தான் ஆகிறது; மலையாளம் ஏறவில்லை.

வீடு பார்க்க வந்தவர் செருப்பைக் கழற்றவில்லை. அதோடு பூஜை அறைக்குள் போய் நின்று, "இந்தச் சுவத்த இடிச்சிட்டா லாரி நேரா உள்ள வந்துரும்" என்றார். பக்கத்தில் நிற்கும் என்னை ஒரு மனுஷியாகவே எண்ணவில்லை. எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. "சாயா ஆறிப்போயிடும், குடியுங்கோ" என்றேன்.

குடித்துவிட்டு மச்சைப் பார்க்க வேண்டும் என்றார். மேலே பலகைத் தளம். "மச்செல்லாம் சிதலாக்கும்" என்றேன். மலையாளம் கலந்த எங்கள் பேச்சில் கறையானுக்கு அதுதான் சொல்.

"அதுக்கென்ன, தூத்துப் பெருக்கிட்டா போச்சு" என்று சிரித்தார். தூசி என்று நினைத்துவிட்டார்.

உத்தரம் எங்கே ஓடுகிறதென்று பார்த்துப் பார்த்துத்தான் நான் அங்கே கால் வைப்பேன். அவரிடம், "அந்த ஜன்னல்கிட்டே போய் நில்லுங்கோ, கப்பல் போறது நன்னாத் தெரியும்" என்றேன். பலகை அங்கேதான் மாவாகிக் கிடந்தது. அதற்கு நேர் கீழே என் ஆட்டுக்கல். மற்றதை நீங்களே வந்து பார்த்தீர்கள்.

நான் தள்ளவில்லை. சொல்ல வேண்டியதைச் சொன்னேன். எல்லாம் என் வீட்டுக்காகத்தான்.

கறையான் என்று அவருக்குப் புரியும் தமிழில் சொல்லியிருந்தால், அந்த வீடே வேண்டாமென்று அவர் போயிருப்பாரே என்கிறீர்கள். போயிருப்பார், சார். வீடும் எனக்கே வந்திருக்கும். அந்த வார்த்தை நாக்கு நுனி வரைக்கும் வந்தது. குனிந்து அவர் செருப்பைப் பார்த்தேன். விழுங்கிவிட்டேன்.