இந்த வருசத்து ரதி

– இப்பக் கேக்குதா அக்கா?

– கேக்குதுடா நிஷாந்த், கத்தாத. கோயில் மேட்டுக்கு ஏறி வந்துட்டேன். லயத்து வீட்டுல நின்னா உன் பேச்சு பாதி தான் வருது.

– மூச்சு வாங்குதே... ஓடியா வந்த?

– நொண்டி நொண்டி வந்தேன். ரெண்டு காலும் இழுக்குது.

– ஏன், மலையில விழுந்தியா?

– இல்லடா. ஏறி இறங்குற காலு தானே, வலிக்காதா? நீ சாப்பிட்டியா?

– இங்க இப்பதான் விடியுது. யாரு இந்நேரம் சாப்பிடுவா?

– அட ஆமா... இங்க பொழுது சாயுது. மறந்தே போயிடுது எனக்கு.

– நான் வந்து ரெண்டு வருசமாகப் போகுது, இன்னுமா மறக்குது?

– உனக்குப் பகலா ராவான்னெல்லாம் நான் யோசிக்கிறதில்லடா. நல்லா இருக்கியான்னு மட்டும் தான் யோசிப்பேன்.

– உன் கொரலு ஏன் இப்படிக் கரகரங்குது?

– பனி. மடுல்சீமைப் பனி தெரியாதா உனக்கு? தொண்ட கட்டிக்கிச்சு.

– கொத்தமல்லி அவிச்சுக் குடி. சரி, வீடியோ எங்க?

– எந்த வீடியோ?

– அக்கா!

– கத்தாதன்னேன்ல.

– காமன் கூத்து வீடியோ. கூத்து முடிஞ்சு ரெண்டு நாளாச்சு. அனுப்புறேன் அனுப்புறேன்னு சொன்ன...

– டேட்டா முடிஞ்சிருச்சுடா.

– டேட்டா இல்லாமத்தான் இப்பப் பேசிக்கிட்டு இருக்கியா?

– இது... வேற டேட்டா.

– வேற டேட்டாவாம்! பொய் சொல்லவும் தெரியல உனக்கு. இங்க பாரு, நம்ம பயலுக ஒருத்தனும் வாயத் தொறக்க மாட்டேங்குறானுங்க. குரூப்புல கேட்டா எல்லாவனும் சிரிச்ச மூஞ்சி அனுப்புறான். மாடசாமி வாத்தியாருக்கே போன் போட்டேன்...

– அவருக்குமா போட்ட? என்ன சொன்னாரு?

– "கூத்து ஜோரா நடந்துச்சு தம்பி, நீ படிப்பப் பாரு"ன்னு வச்சிட்டாரு. பாட்டும் ஆட்டமும் பழக்கிவிட்ட மனுசன், எங்கிட்ட அவ்வளவு தானா பேசுவாரு? உண்மையச் சொல்லு. கூத்து நடந்துச்சா, நின்னு போச்சா?

– நடந்துச்சுடா. சத்தியமா நடந்துச்சு. கம்பம் ஊனி, காப்புக் கட்டி, வீடு வீடாப் போய் ஆடி, காமன எரிச்சு, திரும்ப எழுப்பி... ஒண்ணும் கொறயல.

– ரதி?

– ரதி இல்லாம காமன் கூத்தா?

– யாரு ஆடுனா?

– ஒரு ஆளு ஆடுச்சு.

– புவனேந்திரன் தானே? போன வருசம் என் எடத்துல அவன் தானே ஆடுனான், இந்த வருசமும் அவன் தான்னு வாத்தியார் சொல்லிக்கிட்டு இருந்தாரு.

– அவன் கொழும்புக்குப் போயிட்டான், கட வேலைக்கு. தைக் கடைசியிலேயே போயாச்சு.

– அட... அப்ப வேற யாரு? பக்கத்துத் தோட்டத்துலேர்ந்து ஆள் புடிச்சாங்களா?

– நம்ம தோட்டத்து ஆளு தான்.

– எந்தப் பய? மீசய வழிக்க எவன் ஒத்துக்கிட்டான்?

– மீசய வழிக்கிற வேல இல்லாமப் போச்சு.

– சின்னப் பயலா? பாவம். ரதின்னா வெளயாட்டா? மன்மதன் எரிஞ்சு விழுந்த பொறகு ஒத்தையா நின்னு புலம்பணும். நானே மொத வருசம் பாட்ட மறந்துட்டு முழிச்சேன்... என்னய விட நல்லா ஆடுனானா?

– ஏன், பொறாமயா?

– பொறாம தான். சொல்லு.

– உன்ன மாதிரி இடுப்பு வளயல. ஆனா புலம்பல் வந்தப்ப... சனம் அழுதுச்சுடா.

– எனக்கு ஒருத்தரும் அழுததில்லயே! விசில் தான் அடிச்சானுங்க.

– அப்பா அழுதாரு.

– நம்ம அப்பாவா? அம்மா செத்தப்பக் கூட அவரு...

– ஆமா. கூட்டத்துக்குப் பின்னால நின்னுக்கிட்டு, துண்ட வாயில வச்சு அழுத்திக்கிட்டு. நான் பாத்தேன்.

– துண்ட வச்சு... நம்ம அப்பாவா...

– அழுவுறியா?

– இல்ல. ஜலதோசம்.

– உனக்கும் பொய் சொல்லத் தெரியல. விடு. அங்க என்ன ஆட்டம் நடக்குது, அதச் சொல்லு. கேக்க ஆசயா இருக்கு.

– காலயில ஆப்பிரிக்கா ஆட்டம். வெறுங்காலு தான். மேளக்காரங்க நேர்ல வந்து அடிப்பாங்க. மொத அடி விழுந்தா நம்ம தப்பு மேளம் கேட்ட மாதிரியே காலு தானா எழும்பும். முழங்கால மடிச்சு, தரைக்குக் கிட்டப் போய் ஆடணும். நான் போட்டதப் பாத்துட்டு டீச்சரம்மா, "எங்கடா பழகுன?"ன்னு கேட்டாங்க.

– என்ன சொன்ன?

– தேயிலக் கொழுந்து எடுக்குற மலையிலன்னேன். சிரிக்கிறாங்க.

– உண்மயத் தானே சொன்ன! நான் கொழுந்து எடுக்க எடுக்க நீ பக்கத்துத் தேயில நெரயில ஆடிக்கிட்டே வருவ. கங்காணி கம்ப எடுத்துக்கிட்டுத் தொரத்துவாரு.

– நீயும் தான் ஆடுவ. கூடய முதுகுல கட்டிக்கிட்டு.

– சும்மா இரு... அங்க எல்லாரும் கறுப்பு ஆளுங்க தானே? உன்ன வேத்து ஆளாப் பாக்குறாங்களா?

– மொத நாளு எனக்கும் அந்தப் பயம் இருந்துச்சு. இது அவங்களே கட்டுன கெம்பஸ் அக்கா. ஆப்பிரிக்காவுலேர்ந்து அடிமையாப் புடிச்சுக்கிட்டு வந்த சனம் விடுதலயான பொறகு, வெள்ளக்காரங்க கெம்பஸ்ல இவங்கள சேக்கல. அப்ப எழுப்புனது. மொத மொத படிச்சவங்க படமெல்லாம் சுவத்துல மாட்டி வச்சிருக்காங்க. அதுல ஒரு பொம்பளப் புள்ள... அம்மாவோட மூஞ்சி அப்படியே இருக்கும். டான்ஸ் ஹோலுக்குப் போறப்பெல்லாம் ஒருக்கா நின்னு பாத்துட்டுத் தான் போவேன்.

– எனக்குப் படம் புடிச்சு அனுப்புறியா?

– அனுப்புறேன். அந்த டீச்சரம்மா தான் மொத வாரம் என்னய வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிட்டாங்க. உங்க சனம் எப்படி அந்த மலைக்குப் போச்சுன்னு கேட்டாங்க. வெள்ளக்காரன் தேயில நட இந்தியாவுலேர்ந்து கூட்டிக்கிட்டு வந்தான், பாதிச் சனம் வழியிலேயே செத்துச்சு, மிச்சம் லயத்துல இருக்குன்னேன்.

– அதுக்கு?

– ஒண்ணும் பேசல. என் தட்டுல இன்னொரு கரண்டி சோத்தப் போட்டாங்க.

– நல்ல மனுசி.

– அவங்க தான் போன வாரம் என்னய மேடையில ஏத்துனாங்க. நம்ம ரதிய ஆடச் சொல்லி.

– என்ன! அங்கயா? ரதியவா?

– ஆமா. சேல கட்டல. வெறும் வெள்ளத் துணி. பாட்டு நானே பாடுனேன். சிவன் தவத்தக் கலைக்க மன்மதன அனுப்புனாங்க, சிவன் கண்ணத் தொறந்து எரிச்சுட்டாரு, இவ அவன் பொண்டாட்டின்னு முன்னாடியே சொல்லிட்டேன். அதுக்கு மேல அவங்களுக்கு ஒரு வார்த்த வெளங்காது.

– பொறவு எப்படிப் புரியும்?

– புரிஞ்சுச்சுக்கா. முடிஞ்ச பொறகு ஒரு வயசான அம்மா மேடைக்குக் கிட்ட வந்து என் கையப் புடிச்சுக்கிட்டாங்க. "யாரப் பறி குடுத்த மகனே?"ன்னு கேட்டாங்க. நான் சொன்னேன், யாரயும் பறி குடுக்கல, எங்க அக்கா ரொம்ப தூரத்துல இருக்குன்னு. "அதுவும் அதே அழுக தான்"னாங்க.

– டேய்... எனக்கு இங்க சிக்னல் சரியில்ல.

– சிக்னல் நல்லாத் தான் இருக்கு. மூக்கச் சிந்துறது கேக்குது.

– போடா... வைகாசியில வந்துடுவல்ல? வா. வந்து இந்த மேட்டுல ஆடு. அந்த வெள்ளத் துணியோட ஆடு, நான் பாக்குறேன். உன் ரூமுக்குச் சுண்ணாம்பு கூட அடிச்சு வச்சிருக்கேன்.

– ரூமுன்னு சொல்றா பாரு. ஸ்தோப்புத் திண்ணையில பலக வச்சு அடச்சது ரூமா?

– எங்களுக்கு அதான் ரூமு. வைகாசின்னா எந்தத் தேதி? அப்பா தெனம் கேக்குறாரு.

– அக்கா...

– பதுளைக்கு ரயில்ல வருவியா? அப்பாவும் நானும் ஸ்டேசனுக்கு வந்து நிக்கிறோம்.

– அக்கா, ஒரு நிமிசம். நான் ஒண்ணு சொல்லணும்.

– சொல்லு.

– படிப்பு முடியுது. ஆனா... டீச்சரம்மா இங்கயே இருக்கச் சொல்றாங்க. அவங்க ஆட்டக் குழுவுல. புதுப் புள்ளைகளுக்குப் பழக்கவும் வேணும். இன்னும் ரெண்டு வருசம். யோசிக்க நேரம் குடுத்தாங்க. நான்...

– சரின்னு சொல்லிட்டியா?

– ம்.

– எப்ப சொன்ன?

– மாசி பொறக்கறதுக்கு முன்னாடி. உங்கிட்ட சொல்ல முடியல. ஒவ்வொரு தடவயும் நீ "எப்ப வர்ற"ன்னு கேப்ப, நான் வேற எதயாவது பேசிட்டு வச்சிடுவேன். திட்டுக்கா. திட்டிடு, பரவால்ல.

– திட்டலடா.

– ரதிக்குக் காப்புக் கட்டுனப்ப இத்தன வருசம் ஆடுறேன்னு நேந்துக்கிட்டேன், அதுல இன்னும் ஒரு வருசம் பாக்கி இருக்கு. அது தான் அறுக்குது. அந்தப் பய யாரா இருந்தாலும் அவங்கிட்டச் சொல்லு... இனிமே அவனே ஆடட்டும். வேசம் அவனுக்குத் தான். நான் கேட்டு வர மாட்டேன்.

– அப்படிச் சொல்லாத.

– ஏன்?

– சொல்லாதன்னேன். மனசாரச் சொல்றியா?

– மனசாரத் தான் சொல்றேன். ஏன்க்கா அழுவுற? யாரு அது? எனக்குத் தெரிஞ்ச பயலா?

– பய இல்லடா.

– பின்ன?

– நான் தான்.

– என்ன நான் தான்?

– நான் தான்டா ஆடுனேன். இந்த வருசம் ரதி நான்.

– நீயா?

– ஆமா. காலு வலி அதுல வந்தது. தொண்ட போனதும் அதுல தான். பயலுககிட்ட எல்லாம் நான் தான் கெஞ்சிச் சொன்னேன், தம்பிகிட்ட நானே சொல்லிக்கிறேன்னு.

– பொம்பள ஆட விட்டாங்களா?

– எங்க விட்டாங்க? கோயில் கமிட்டியில குதிச்சாங்க. பொம்பள ரதி கட்டுனா மழ பெய்யாதுன்னாங்க. கல்யாணம் ஆகாம நிக்கிறவளுக்கு இது தேவயான்னாங்க. வாத்தியார் தான், "மொதல்ல ஆடிக் காட்டட்டும், பொறவு பேசுங்க"ன்னாரு. கோயில் வாசல்ல, கொழுந்து எடுத்துட்டு வந்த அதே உடுப்போட ஆடுனேன். ஆடி முடிச்சதும் தப்படிக்கிறவரு எந்திரிச்சு, "நான் அடிக்கிறேன், எவன் தடுக்குறான்னு பாப்போம்"னுட்டாரு.

– ஐயோ அக்கா...

– ரெண்டு வீட்டுல கதவச் சாத்துனாங்க. மத்த எடமெல்லாம் பொம்பளைங்க கும்பலா வந்து நின்னாங்க. ரெங்கம்மா பெரியம்மா என் கால்ல தண்ணி ஊத்தி, தன் முந்தானையால தொடச்சுச்சு.

– நான் இங்க கத்தணும் போல இருக்குக்கா. பக்கத்து ரூமுல எல்லாம் தூங்குறானுங்க... கடவுளே. நீ! ரதி!

– கோவமா?

– கோவமா? நீ நெரயில ஆடுனதப் பாத்துப் பாத்துத் தானே நான் ஆட வந்தேன். நான் கூத்துக்குப் போறப்ப நீ வாசல்ல நின்னு பாப்ப பாரு... அது எனக்குத் தெரியாதுன்னு நெனச்சியா?

– தெரியுமா உனக்கு?

– தெரியும். நல்ல வேள, புவனேந்திரன் கொழும்புக்குப் போனான். ஆள் இல்லாமப் போனதுல உனக்கு எடம் கெடச்சுச்சு. ஆனா நான் பாக்காமப் போயிட்டேனே... நான் மாசிக்கு வர்றேன்னு தானே சொன்னேன்? லீவு கேட்டுட்டேன், டீச்சரம்மா டிக்கெட் எடுத்துத் தர்றேன்னாங்க. நீ தான் படிப்பு கெட்டுடும், வராதன்னு தடுத்த. வந்திருந்தா மொத ஆளா நின்னு பாத்திருப்பேன்ல?

– நீ வந்திருந்தா வேசம் உனக்குத் தான்டா குடுத்திருப்பாங்க... புவனேந்திரன் போனது தைக் கடைசியில. நான் வாத்தியார் வீட்டுக்குப் போய்க் கேட்டது பொங்கலன்னைக்கு. கேட்டுட்டு வந்து தான் உனக்குப் போன் பண்ணி, வராதன்னு சொன்னேன். உன்னப் பாக்கணும்னு இதே மேட்டுல நின்னு எத்தனயோ நாளு அழுதிருக்கேன், அது பொய்யில்ல... ஆனா அத விட எனக்கு ஆடணும் போல இருந்துச்சுடா.