பத்து வில்லுக்கும் எண்ணெய்

“பத்து வில்லுக்கும் தேங்காயெண்ணெய் பூசிட்டன், அக்கா.”

கற்பிட்டியிலிருந்து புத்தளம் போகும் பஸ்ஸில், என் முன் சீட்டில் இருந்த பெண் இதைச் சொன்னாள். அவளுக்குப் பக்கத்திலிருந்த மூத்த பெண் மடியிலிருந்த வயலின் பெட்டியை இறுக்கிப் பிடித்தார்.

“ஏன் பூசினாய்?”

“உப்புக்காத்துக்கு வீட்டுல பூட்டு, சைக்கிள் செயின் எல்லாத்துக்கும் பூசுறதுதானே. வாத்தியங்களைப் பாத்துக்கொள்ளச் சொல்லி என்னட்டத்தானே தந்தீங்க.”

“வில்லுல இருக்கிறது குதிரை மயிர். எண்ணெய் பட்டா கம்பியில வழுக்கும். சத்தம் வராது.”

“ஓம், காலையில ஒண்டை இழுத்துப் பாத்தன். வரல்ல.”

“கழுவினா?”

“காயாது அக்கா. பத்து மணிக்குப் பிள்ளைகள் மேடையில ஏறணும்.”

“வயலின் படிப்பிக்கிற சேருக்குச் சொன்னியா?”

“இல்ல. சும்மா உதவிக்கு வாற ஆள் நான். இனி வரவேணாம் எண்டுடுவார்.”

“பிள்ளைகளுக்கு?”

அவள் பின்னால் திரும்பிப் பார்த்தாள். வெள்ளைச் சட்டை போட்ட பிள்ளைகள் பின் சீட்டுகளில் இருந்தார்கள். அவர்களில் ஒரு சிறுமி சீட்டுக் கம்பிகளைப் பிடித்துப் பிடித்து முன்னால் வந்தாள். கையில் வில்.

“அன்ரி, என்ட வில் எவ்வளவு மினுங்குது, பாருங்க. நீங்களா துடைச்சீங்க?”

“ஓம், மகள்.”