அழிக்காம வச்சிருந்தவரு

நெட்டு லைன இன்னொரு வாட்டி பாருங்கண்ணே. வெளிய ஒயருல கோளாறு இல்லேன்னா உள்ளதான எங்கயாச்சும் இருக்கணும்? அவசரமான்னா, அவசரந்தாங்க. டீ போட்டுட்டேன், குடிச்சிட்டே பாருங்க.

ஆமாங்க, தனியாத்தான் இருக்கேன். வீட்டுலேருந்தே வேலை. இந்தத் தலத்தெரு ஊருல பாதிப் பேரு எனக்கு வேலை போயிடுச்சுன்னு நெனச்சிட்டிருக்காங்க. நாளைக்கு நாலு வார்த்த பேசுனா அதிகம், அதுவும் பால்காரர்கிட்ட.

ஸ்க்ரீன்ல தெரியுதே, அதுவா? மூளைங்க. ஆஸ்பத்திரியில ஸ்கேன் எடுக்குறாங்கல்ல, அந்தப் படத்த அளந்து பாக்குற சாஃப்ட்வேர் எழுதுறேன். படங்களையும் இன்டர்நெட்டுல போட்டு வச்சிருவோம். எந்த நாட்டு ஆராய்ச்சிக்காரங்க வேணா சும்மாவே எடுத்துக்கலாம்.

ஆனா போடுறதுக்கு முன்னாடி பேர எடுத்துட்டு நம்பர் குடுக்கணும். முகத்தையும் வெட்டிடணும். தலைய ஸ்கேன் பண்ணா மூக்கு, காது, உதடு எல்லாம் சேந்துதான வரும்? கம்ப்யூட்டர்ல திருப்பிப் பாத்தா ஆளு இன்னாருன்னு தெரிஞ்சிரும். ரெண்டாயிரத்து நாலுல பெங்களூர்ல இருந்தப்ப, நான் அவசரக்குடுக்கை, பதினெட்டுப் பேரு படத்த முகத்தோடயே போட்டுட்டேன். அப்புறம் பதறிப்போயி, அத இறக்கி எடுத்துக்கிட்டவங்க இருபத்திமூணு பேருக்கும் மெயில் எழுதுனேன், தயவுசெஞ்சு அழிச்சிருங்கன்னு. அத்தன பேரும் அழிச்சிட்டோம்னு பதில் போட்டாங்க. முகத்த வெட்டித் திரும்பப் போட்டுட்டு, எங்கிட்ட இருந்த அசலையும் நானே அழிச்சேன். ஒழுங்கா வேல செஞ்சதா ஒரு பெருமை வேற.

இப்ப மூணு வருஷமா அதே இருபத்திமூணு பேருக்கும் திரும்பத் திரும்ப எழுதுறேன், யாராச்சும் அழிக்காம வச்சிருக்கீங்களான்னு. வெக்கத்த விட்டுத்தான் கேட்டேன். நேத்து பின்லாந்துலேருந்து ஒருத்தரு எழுதியிருக்காரு. வெண்மதி, மன்னிச்சிருங்க, அன்னிக்கிப் பொய் சொன்னேன், எங்கிட்ட இருக்குன்னு. ஃபைல அனுப்பியும் வச்சாரு. முக்காவாசி இறங்குறப்ப லைன் போச்சுங்க.

எதுக்கா? அதுல ஏழாம் நம்பரு எங்கண்ணன் மாறன். கடலுக்குப் போறவன். என்னயப் பாக்கக் கருவாட்டு மூட்டையோட பெங்களூர் வந்தான். ஸ்கேனுக்கு ஆளு பத்தலன்னு நாந்தான் படுக்க வச்சேன். சுறா வாயில படுத்தாப்புல இருக்குன்னு சிரிச்சான். அந்த வருஷமே சுனாமில வீட்டோட போயிட்டான். உடம்பும் கெடைக்கல. போட்டோ ஒண்ணுகூட மிஞ்சல. வோட்டர் கார்டு நகல் கேட்டு வாங்குனேன், அதுல கறுப்பா ஒரு நெழலுதான் இருக்கு. டிசம்பர் இருபத்தாறு வந்தா எங்காளுங்க வீட்டுக்கு வீடு படத்துக்கு மால போட்டு வெளக்கேத்துவாங்க. நான் வெறும் வெளக்குதான் வைக்கிறேன். அவன் மூள உலகம் பூரா இருக்குங்க, முகந்தான் எங்கயும் இல்ல. எனக்கே கொஞ்சங்கொஞ்சமா மறந்துட்டு வருது.

ஆங், வந்துருச்சுண்ணே! மீதி இறங்குது. ஐயோ, சாமான எடுத்து வைக்காதீங்க. ஒரு பத்து நிமிஷம் இருந்துட்டுப் போங்களேன். நீங்க அவனப் பாத்ததில்ல, தெரியும். பரவால்ல. தனியாத் தொறக்க பயமா இருக்குண்ணே.